கண்ணுக்கு வெளியே, காதுக்கு உள்ளே: இங்கிலாந்தின் ஜார்ஜியன் ஆலயங்கள்

திங்கள்: டிராஃபல்கர் சதுக்கம்

1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை ஜார்ஜ் என்ற பெயர்கொண்ட நான்கு மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்டார்கள். அந்தக் காலத்துப் பங்கு ஆலயங்களை, அதாவது ஒவ்வொரு வட்டாரத்து மக்களுக்கும் உரிய ஆலயங்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது. செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென், எண்பதை நெருங்கிய வயதில், 1711இல் எழுதிக் கொடுத்த கணக்கு அது. சுமாரான குரலுள்ள பிரசங்கியார் பேசினால் எதிரே 50 அடி, பக்கவாட்டில் 30 அடி, முதுகுப்புறம் 20 அடி வரை தெளிவாகக் கேட்கும். ஆகவே ஆலயம் குறைந்தது 60 அடி அகலம், 90 அடி நீளம் இருக்கலாம். ஆனால் உள்ளே 2000 பேருக்கு மேல் அடைக்கக் கூடாது. கத்தோலிக்கருக்குப் பூசையின் முணுமுணுப்பு காதில் விழுந்தால் போதும், நமக்கோ ஒவ்வொரு சொல்லும் கேட்டாக வேண்டும் என்பது அவருடைய வாதம்.

அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ஆங்கிலேயர் கட்டியவற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு ஒன்றே பாதி வழி கொண்டுபோய் விட்டுவிடும். அவை வெளியே கண்ணுக்காகவும் உள்ளே காதுக்காகவும் கட்டப்பட்டவை.

சேரிங் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு நிமிட நடையில் செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ். வந்ததும் உள்ளே நுழைந்துவிடாதீர்கள். நேஷனல் கேலரி வாசலில் ஏறி நின்று முதலில் முகப்பைப் பாருங்கள். அகலவாக்கில் ஆறு கொரிந்தியத் தூண்கள், மேலே ரோமானியக் கோயில் போல முக்கோண முகடு, அதில் மன்னரின் அரசச் சின்னம். அதற்குப் பின்னால், கூரையைத் துளைத்துக்கொண்டு கிளம்பியதுபோல, 192 அடி உயரக் கோபுரம். முகட்டுக்குக் கீழே லத்தீனில் வெட்டியிருக்கும் வரி, இதைக் கட்டுவித்தவர்கள் பங்கு மக்கள் என்கிறது. கூடவே ஆண்டு: 1726. முதலாம் ஜார்ஜ் இந்த ஆலயத்தின் நிர்வாகப் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்து, ஆர்கன் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் வரியில் அவர் பெயர் இல்லை.

இன்று நாம் பார்க்கும் தோற்றம் பின்னால் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டிய காலத்தில் எதிரே சதுக்கம் கிடையாது. வீடுகள் நெருக்கியடித்து நின்றன. இவ்வளவு பெரிய முகமண்டபத்தை முழுசாகப் பார்க்க விலகி நிற்கவே இடமில்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்த வீடுகளை இடித்துச் சதுக்கம் போட்ட பிறகுதான் இந்த முகப்புக்கு வாழ்வு வந்தது.

கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ், ஸ்காட்லாந்தின் அபர்டீன்காரர், பிறப்பால் கத்தோலிக்கர். ரோமில் கார்லோ ஃபொன்டானாவிடம் தொழில் கற்றவர். கோயில் முகப்பையும் கூம்புக் கோபுரத்தையும் ஒரே கட்டடத்தில் சேர்த்ததுதான் அவர் செய்த புதுமை. அதுவரை கோபுரம் வழக்கமாகத் தரையிலிருந்தே தனி உடம்பாக எழும். கிப்ஸ் அதை முகமண்டபத்துக்குப் பின்னால், ஆலயத்தின் மேற்குக் கட்டுக்குள் இழுத்துக்கொண்டார். பாரம் அங்குள்ள சுவர்கள் வழியாக நேரே அஸ்திவாரத்துக்குப் போகிறது. கூரை எதையும் தாங்கவில்லை. இருந்தும் கோபுரம் கூரைமேல் குதிரை ஏறி உட்கார்ந்திருக்கிறது என்ற குறையை அன்று முதல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எதிரே நேராக நின்று பார்த்தால் குறை நியாயம்தான். பக்கவாட்டுக்கு நகர்ந்தால் மறைந்துவிடுகிறது.

பக்கச் சுவர் ஜன்னல்களையும் விட்டுவிடாதீர்கள். ஜன்னலைச் சுற்றிய சட்டத்தில் இடைவெளி விட்டு விட்டுப் பெரிய சதுரக் கற்கள் துருத்தி நிற்கும். கிப்ஸுக்கு இது மிகவும் பிடித்த வேலைப்பாடு. அவர் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது.

உள்ளே போனால் முதலில் அண்ணாந்து பாருங்கள். வளைந்த விதானம் முழு அரைவட்டமாக இல்லை, சற்றுத் தட்டையான நீள்வட்டம். அரைவட்டம் இதைவிட அழகு என்றாலும் குரலுக்கு இதுவே ஏற்றது, அனுபவத்தில் கண்டது என்று கிப்ஸே 1728இல் வெளியிட்ட தன் வரைபட நூலில் எழுதி வைத்திருக்கிறார். அந்த விதானம் கல்லும் அல்ல. மரச் சட்டங்களில் மெல்லிய ரீப்பர் அடித்து, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசியது. பூவேலைகள் அர்த்தாரி, பகுத்தி என்ற இரண்டு சுதை வேலைக்காரர்களின் கைவண்ணம். இருவரும் ஆல்ப்ஸ் அடிவாரத்து இத்தாலிய மொழிப் பகுதியிலிருந்து வந்தவர்கள்.

அடுத்து தூண்களின் கால்கள். ஒவ்வொரு தூணும் உயரமான பீடத்தின் மேல் நிற்கிறது. இப்போதுள்ள தாழ்ந்த பெஞ்சுகளுக்கு இந்தப் பீடம் தேவைக்கு மீறிய உயரம். காரணம், கட்டியபோது உள்ளே இருந்தவை கதவு வைத்த, நெஞ்சளவு உயரப் பெட்டி இருக்கைகள். அவற்றுக்குள் தூணின் அடிப்பாகம் புதைந்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. எந்த ஜார்ஜியன் ஆலயத்திலும் பழைய இருக்கைகளின் உயரம் தெரியவேண்டுமா, தூண் பீடத்தை அளந்தால் போதும், ஏறக்குறைய சரியாக இருக்கும்.

கிழக்கு ஜன்னலில் வளைந்து நெளிந்த சிலுவை 2008இல் வைக்கப்பட்டது. ஷிராசே ஹூஷியாரி என்ற ஈரானியக் கலைஞரின் வேலை. வெள்ளைக் கண்ணாடியாகவே செய்திருப்பதால் 18ஆம் நூற்றாண்டு அறையோடு சண்டை போடவில்லை. வெளிச்சம் உள்ளே வர வேண்டும், மக்கள் ஜெபப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். அக்காலத்துக் கண்ணாடி நிறமற்று இருந்ததன் காரணம் அவ்வளவே.

செலவுக் கணக்கு 33,661 பவுண்டு. அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை. ஆனாலும் இது சிக்கனமான வடிவம்! கிப்ஸ் முதலில் வரைந்து கொடுத்தது வட்டமான ஆலயம். கட்டும் பொறுப்பிலிருந்த கமிஷனர்களுக்கும் பிடித்திருந்தது, செலவுக்குப் பயந்து தள்ளிவிட்டார்கள். வட்டம்தான் அதிக இடமும் வசதியும் உள்ளது என்று கிப்ஸ் அச்சிலேயே மனத்தாங்கலைப் பதிந்து வைத்தார். அந்த வட்டப் படத்தையும் நூலில் சேர்த்தார். அது எங்கெல்லாம் போய் முளைத்தது என்பதைப் புதன்கிழமை பார்ப்போம்.

செவ்வாய்: ஹனோவர் சதுக்கம், புளூம்ஸ்பரி, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்

1710இல் ஒரு புயலில் கிரீனிச் ஆலயத்தின் கூரை விழுந்தது. புதிதாகக் கட்டப் பணம் கேட்டு அந்தப் பங்கு மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். அதைத் தொட்டு 1711இல் வந்த சட்டம் லண்டனுக்கு ஐம்பது புதிய ஆலயங்கள் வேண்டும் என்றது. லண்டனுக்குள் வரும் நிலக்கரிமீது போட்ட வரியிலிருந்து பணம். ஐம்பதில் எழுந்தது பன்னிரண்டுதான். ஒவ்வொன்றையும் கல்லில், பெரிதாகக் கட்டியதில் கஜானா காலி. அவற்றில் ஆறு கட்டடக் கலைஞர் நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் வடிவமைத்தவை.

ஹனோவர் சதுக்கத்து செயின்ட் ஜார்ஜ் ஆலயம் (1721–25, ஜான் ஜேம்ஸ்) பத்து நிமிடப் பார்வைக்குரியது. ஆறு தூண் முகமண்டபம் நடைபாதைவரை வந்து நிற்கிறது. பக்கத்தில் புரூக் தெருவில் குடியிருந்த இசையமைப்பாளர் ஹாண்டல் இங்கே வந்து தொழுதவர். கிழக்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி 16ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் வேலை. ஆலயத்தைவிட மூத்தது, ஆனால் இங்கே வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில். கண்ணாடியை வைத்து ஆலயத்துக்கு வயது சொல்லக் கூடாது என்பதற்கு நல்ல சாட்சி.

புளூம்ஸ்பரி செயின்ட் ஜார்ஜில் (1716–31) அரைநாள் செலவிடலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ஹாலிகார்னாசஸ் நகரத்துச் சமாதியைப் பற்றி ரோமானியர் பிளினி எழுதிய வர்ணனையை வைத்துக்கொண்டு, படிப்படியாகக் குறுகும் பிரமிடு ஒன்றைக் கோபுரத் தலையில் ஏற்றினார் ஹாக்ஸ்மூர். உச்சியில் ரோமானிய உடையில் முதலாம் ஜார்ஜ். அந்தச் சிலைக்குப் பணம் கொடுத்தவர் பீர் காய்ச்சும் ஆலை முதலாளி. அடியில் இரண்டு சிங்கங்களும் இரண்டு ஒற்றைக்கொம்புக் குதிரைகளும் மல்லுக்கு நின்றன. 1871இல் அவற்றை இறக்கிவிட்டார்கள். இப்போது மேலே இருப்பவை 2006இல் புதிதாகச் செதுக்கியவை.

இந்த ஆலயத்தின் உண்மையான சிக்கல் மனைதான். மனை வடக்கு தெற்காக நீளம், கிழக்கு மேற்காகக் குறுகல். திருவிருந்து மேசையோ கிழக்கில் இருந்தாக வேண்டும். ஹாக்ஸ்மூர் விடாப்பிடியாகக் கிழக்கில் அரைவட்ட மாடம் வைத்து, நடுவில் சதுரமான உயர்ந்த கூடம் அமைத்தார். வழிபாட்டுக்கு இது சரி, இருக்கைக் கணக்குக்குச் சரிப்படவில்லை. இருக்கைகள் வாடகைக்குப் போன காலம் அது. 1781இல் பங்கு நிர்வாகம் மேசையை வடக்குச் சுவருக்கு நகர்த்தி, நீளவாக்கில் கூடுதல் இருக்கை போட்டுக்கொண்டது. 2006இல் முடிந்த சீரமைப்பில்தான் மேசை கிழக்குக்குத் திரும்பியது. கூடத்தின் நடுவில் நின்று முதலில் வடக்கே பாருங்கள், பிறகு கிழக்கே திரும்புங்கள். விதானம் எந்தத் திசைக்காகப் போட்டது என்பது தானே விளங்கும்.

மாலையில் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கிறைஸ்ட் சர்ச் (1714–29). தூரத்திலிருந்தே பயமுறுத்தும் முகப்பு: நடுவில் வளைவு, இருபுறமும் தட்டையான உத்தரம், மேலே 200 அடியைத் தாண்டும் கூம்பு. 1866இல் பக்க மேல்மாடங்களையும் பெட்டி இருக்கைகளையும் பிடுங்கி எறிந்தார்கள். 1950களின் இறுதியில் கூரைக்கு ஆபத்து என்று மூடினார்கள். 2004இல் முடிந்த திருப்பணி மேல்மாடங்களைத் திரும்பக் கொண்டுவந்தது.

இவ்வகைக் கூரைகளுக்கு ஏன் ஆபத்து வருகிறது? வெளியிலிருந்து பார்த்தால் ஓடு தெரியக் கூடாது என்று சுவரைக் கூரைக்கு மேலே உயர்த்தியிருப்பார்கள். கூரைத் தண்ணீர் அந்தச் சுவருக்குப் பின்னால் ஈயத் தகடு பதித்த கால்வாயில் ஓடும். இலை அடைத்தாலோ, வெயிலிலும் குளிரிலும் நீண்டு சுருங்கித் தகடு விரிசல் விட்டாலோ, தண்ணீர் உள்ளே திரும்பும். கூரை உத்தரத்தின் முனை சுவருக்குள் செருகிய இடம்தான் முதலில் நனையும், அங்கேதான் மரம் உளுத்துப்போகும். கீழே சாந்து விதானம் மறைத்திருப்பதால் வெளியே தெரிய ஆண்டுக்கணக்காகும். விதானம் சுவரைத் தொடும் மூலையில் பழுப்பு வளையம் தெரிந்தால் வேலை ஏற்கெனவே முற்றிவிட்டது என்று கொள்ளுங்கள். கோபுரக் கற்களுக்கு வேறொரு வியாதி. கற்களைப் பிணைத்த இரும்புப் பட்டைகளில் ஈரம் ஏறினால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது கல்லையே பிளந்துவிடும்.

இந்த ஆலயங்களைக் கட்டிய போர்ட்லண்ட் என்ற சுண்ணாம்புக் கல்லில் மழை நேராக அடிக்கும் பக்கம் வெளுத்தும், ஒதுக்குப்புறம் கரிபடிந்தும் இருக்கும். வெளுத்த பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். கல் கரைந்து, உள்ளிருக்கும் சிப்பி ஓடுகள் சொரசொரவென்று துருத்திக்கொண்டிருக்கும்.

இந்த ஆலயத்தின் நிலவறையை 1984–86இல் காலி செய்தபோது ஆயிரத்துக்கு நெருக்கமான உடல்கள் கிடைத்தன. பிரான்ஸிலிருந்து மதப் பிரச்சினையால் ஓடிவந்த பட்டு நெசவாளர் வம்சத்தினர் பலர். 387 பேருக்குச் சவப்பெட்டித் தகட்டில் பெயரும் வயதும் இருந்தன. எலும்பைப் பார்த்து வயது சொல்லும் முறைகளைச் சரிபார்க்க ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. விடை அவர்களுக்கே சங்கடமாக இருந்தது. அம்முறைகள் கிழவர்களுக்கு வயதைக் குறைத்தும் இளையவர்களுக்குக் கூட்டியும் சொல்லிக்கொண்டிருந்தன.

புதன்: ஷ்ரூஸ்பரி

லண்டன் யூஸ்டனில் ஏறி, பர்மிங்காமிலோ குரூவிலோ வண்டி மாறினால் ஷ்ரூஸ்பரி. நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால், செவர்ன் ஆற்றைப் பார்த்த மேட்டில், குவாரி பூங்காவுக்கு எதிரே செயின்ட் சாட் ஆலயம்.

போகும் வழியில் பழைய செயின்ட் சாடில் மிஞ்சிய சிறு பகுதியைப் பார்த்துவிடுங்கள். 1788இல் அந்த ஆலயத்தின் கூரை ஒழுகுகிறது என்று தாமஸ் டெல்ஃபோர்டைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பின்னாளில் பாலங்களுக்கும் கால்வாய்களுக்கும் பெயர் பெற்ற அதே டெல்ஃபோர்ட்தான். அவர் பார்த்துவிட்டு, கூரை கிடக்கட்டும், அஸ்திவாரத்தை ஒட்டிக் கல்லறை தோண்டித் தோண்டிக் கோபுரத்தின் கால் பலமிழந்துவிட்டது, முதலில் அதைக் கவனியுங்கள் என்றார். தனக்கு வேலை பிடிக்கப் பார்க்கிறார் என்று கமிட்டியார் கேலி பேசினார்கள். சில நாள்களில், ஜூலை 9ஆம் தேதி விடிகாலை, கடிகாரம் நான்கு அடித்த அதிர்வில் கோபுரம் சரிந்து ஆலயத்தின் மேலேயே விழுந்தது.

அதன் இடத்துக்கு வந்ததுதான் புதிய செயின்ட் சாட் (1790–92). ஜார்ஜ் ஸ்டூவர்ட்டின் வடிவம், 100 அடி விட்டமுள்ள வட்டம். வெளியே வரிசையாகப் பாருங்கள்: நான்கு தூண் முகமண்டபம், சதுரமான கோபுர அடி, அதன்மேல் எண்கோண மணிக்கூடு, அதற்கும் மேலே வட்டமாகத் தூண் நிறுத்திய சிறு குவிமாடம். உள்ளே நுழைந்தால் நேரே கூடத்துக்குப் போக முடியாது. நடுவே ஒரு வட்ட முன்னறை, இரு கைபோலப் பிரிந்து மேல்மாடத்துக்கு வளைந்தேறும் படிகள். இந்தப் படிக்கட்டுதான் கட்டடத்தின் மிக அழகான இடம் என்பேன். பெரும்பாலோர் அவசரமாகக் கடந்துபோய்விடுகிறார்கள்.

கூடத்தில் கவனிக்க வேண்டியது தூண்களின் மெலிவு. மேல்மாடத்தைத் தாங்குபவை குட்டையானவை, அதன்மேல் விதானம்வரை போகும் தூண்கள் ஒல்லியானவை. வார்ப்பிரும்பு என்பதால் இவ்வளவு மெலிவு சாத்தியமாயிற்று. இரும்பு உருக்கும் கோல்புரூக்டேல் பக்கத்தில்தான். உலகின் முதல் வார்ப்பிரும்புப் பாலம் 1781இல் அங்கே திறந்தாகிவிட்டது. தூண் மெலிந்தால் பிரசங்க பீடம் யாருக்கும் மறையாது. ரென்னின் கணக்குப்படி பார்த்தால் வட்டத்தில் வேறொரு லாபமும் உண்டு: எந்த இருக்கையும் வெகுதூரம் போய்விடாது. நஷ்டமும் உண்டு. வளைந்த சுவர் ஒலியை ஒரே இடத்தில் குவிக்கும். சில இருக்கையில் குரல் இரட்டிக்கும், சிலவற்றில் மங்கும். இங்கே சுற்றிவரும் மேல்மாடம் அந்தச் சுவரை உடைத்துக் கொடுக்கிறது.

சார்லஸ் டார்வினுக்கு 1809இல் ஞானஸ்நானம் கொடுத்தது இங்கேதான்.

திங்கள்கிழமை விட்ட இழை இது. வட்டப் படம் உட்பட கிப்ஸின் நூல் கப்பலேறி எல்லாக் காலனிகளுக்கும் போயிற்று. கல்கத்தா செயின்ட் ஜான் (1787) செயின்ட் மார்ட்டினைப் பார்த்து எழுந்தது. சென்னையில் அண்ணா மேம்பாலத்துக்கு அருகிலுள்ள செயின்ட் ஜார்ஜ் பேராலயமும் (1816) அதே ஜாடை. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் (1818–21) ஒரு படி மேலே போனது. முகமண்டபமும் கோபுரமும் செயின்ட் மார்ட்டினுடையவை. உள்ளே கமிஷனர்கள் செலவுக்குப் பயந்து கைவிட்ட வட்டம்! பதினாறு தூண்கள்மேல் நீல நிறக் குவிமாடம். ராணுவப் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலாண்ட் அதை மரத்தில் செய்யவில்லை. கறையான் ஊரில் மரக்கூரை எத்தனை நாள்? செங்கல்லிலேயே கட்டி, களிமண் தரைக்காக அடியில் கிணறுகள் இறக்கி, அவற்றின்மேல் அஸ்திவாரம் போட்டார். ஆனால் செங்கல் குவிமாடம் ஒலியைத் திருப்பி அடிக்கும் வேகம், மரச்சட்டத்துச் சாந்து விதானத்தில் இருக்காது. செயின்ட் சாடில் நின்றுவிட்டு எழும்பூருக்குப் போகிறவர்கள் கைதட்டிப் பார்க்கலாம்.

வியாழன்

ஷ்ரூஸ்பரியிலிருந்து வடகிழக்குக் கடலோரத்து விட்பிக்கு ரயிலிலேயே பகல் போய்விடும். எழுத ஒன்றுமில்லை. மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பிக்கு நாளுக்குச் சில வண்டிகளே ஓடுகின்றன, ஒன்றரை மணி நேரம் ஆகும். திரும்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி: விட்பி

துறைமுகத்திலிருந்து 199 படி ஏறினால் செயின்ட் மேரி. வெளியே 12ஆம் நூற்றாண்டு நார்மன் சுவர், குட்டைக் கோபுரம். ஜார்ஜியன் எங்கே என்று தோன்றும். கதவைத் திறந்ததும் பதில் கிடைக்கும். லண்டனில் நாம் பீடத்தை அளந்து ஊகித்த பெட்டி இருக்கைகள் இங்கே கூடம் நிறைய அப்படியே நிற்கின்றன. விக்டோரியா காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் நாடு முழுக்க இவற்றை விறகாக்கினார்கள். விட்பி எப்படியோ தப்பியது.

ஒரு பெட்டியைத் திறந்து உள்ளே உட்காருங்கள். மூன்று பக்கமும் பலகை, சிலவற்றில் கம்பளித் துணி உறை. குளிர் காற்று கணுக்காலைத் தொடாது. நடுக்கூடத்தில் ஒரு கரி அடுப்பு இருக்கிறது, அதன் சூடு எட்டாத மூலைக்கு இந்தப் பலகைதான் போர்வை. துணியும் மரமும் எதிரொலியைக் குடித்துவிடுவது இன்னொரு பயன். பின்னாளில் பெட்டிகளையும் சுவர்ப் பூச்சையும் உரித்தெடுத்த ஆலயங்களில் பிரசங்கம் குழம்பிக் கேட்பதற்கு இதுவே காரணம். பெட்டிக்குள் நாலாபுறமும் இருக்கை என்பதால் சிலர் பிரசங்கியாருக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தார்கள். அது குறையாக யாருக்கும் படவில்லை. கேட்டால் போதுமே. சில பெட்டிகளில் வெளியூராருக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. மற்றவை உள்ளூர்க் குடும்பங்களுக்கு உரியவை.

நடுவில் 1778இல் செய்த மூன்றடுக்குப் பிரசங்க பீடம். கீழ்த்தட்டில் குருவுக்கு உதவியாளரான கிளார்க் நின்று ஆமென் சொல்லிச் சங்கீதத்தைத் தொடங்கிவைப்பார். நடுத்தட்டில் குரு ஜெபம் வாசிப்பார். மேல்தட்டு பிரசங்கத்துக்கு. பீடத்தின் பின்புறம் நீண்ட செவிக்குழாய்கள் தொங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குருவாக இருந்தவரின் மனைவிக்குக் காது மந்தம், அவருக்காக வைத்தவை. மேல்மாடத்துக்கு வெளிச்சம் போதாமல் கூரையில் ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள். கப்பல் தச்சர் ஊர் இது. வெள்ளையடித்த தாழ்ந்த விதானத்தில் அது தெரிகிறது.

திருவிருந்து மேசையைத் தேடுங்கள். சட்டென்று கண்ணில் படாது. அதற்கு முன்னுள்ள வளைவின் குறுக்கே, முறுக்கிய நான்கு தூண்களின்மேல், சோம்லி என்ற ஜமீன் குடும்பம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனக்கென்று ஒரு மாடம் கட்டி உட்கார்ந்துவிட்டது. மேசைக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு, பிரசங்க பீடத்தைப் பார்த்தபடி. பின்வந்த ஜார்ஜியன் தலைமுறைகள் ஆலயத்தையே வடக்கே அகலப்படுத்தின, மேல்மாடங்கள் போட்டன, ஜன்னல் வெட்டின. அந்த மாடத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

விளக்கு மெழுகுவத்திச் சரவிளக்குதான் என்பதால் முற்பகலில் போவது நல்லது. கல்லறைத் தோட்டத்தின் ஓரம் போகாதீர்கள். பாறை சரிந்துகொண்டிருக்கிறது, மழைக்குப் பிறகு எலும்புகள்கூட வெளியே வந்திருக்கின்றன.